புளியங்கொட்டைத் தோலும் கண்ணாடிப் பெட்டியும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேளாண் படிப்புக் கலந்தாய்வு நெருங்கும் நாட்களில் ‘பருவநிலை விஞ்ஞானி ஆவது எப்படி’ என்ற குறிப்புகள் கல்விப் பக்கங்களில் தவறாமல் வருகின்றன. எந்தத் தேர்வு, எத்தனை மதிப்பெண், எவ்வளவு சம்பளம் என்பதெல்லாம் அவற்றில் உண்டு. அந்த விஞ்ஞானி காலையில் எழுந்து என்ன வேலை பார்க்கிறார் என்பது மட்டும் இருப்பதில்லை. பாலக்கோட்டிலோ பர்கூரிலோ பிளஸ் டூ முடித்த பிள்ளை, இது குளிரூட்டிய அறையில் கணினி முன் நடக்கும் வேலை என்று நினைத்துக்கொள்கிறது. உண்மையில் வேளாண்மையிலிருந்து கிளம்பிப் பூமியைச் சூடாக்கும் பசுங்குடில் வாயுக்களைக் குறைக்கும் விஞ்ஞானியின் பாதி வாழ்க்கை சேற்றிலும் மாட்டுக் கொட்டகையிலும்தான் கழிகிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய நம் இரண்டு மாவட்டப் பிள்ளைகளுக்கு இது அந்நியமான வேலையே அல்ல என்பதைச் சொல்லவே இக்கடிதம்.

இந்தியா 2016-ஆம் ஆண்டுக்கு ஐ.நா.வுக்கு அளித்த கணக்கில், நாட்டின் மொத்தப் பசுங்குடில் வாயுக்களில் வேளாண்மையின் பங்கு 14%. அதில் பாதிக்கு மேல் அசைபோடும் கால்நடைகளின் மீத்தேன். மீதியில் பெரும்பகுதி நெல் வயல் மீத்தேனும், தழைச்சத்து உரமிட்ட நிலத்திலிருந்து கிளம்பும் நைட்ரஸ் ஆக்சைடும். ஒரு கிலோ மீத்தேன் நூறாண்டுக் கணக்கில் சுமார் 27 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். ஒரு கிலோ நைட்ரஸ் ஆக்சைடு 273 கிலோவுக்குச் சமம்.

இந்தத் துறையில் அளவீடு ஏன் முதல் வேலை என்பதற்கு நம் நாட்டிலேயே பெரிய சான்று உண்டு. 1990 வாக்கில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் மதிப்பீடு, இந்திய நெல் வயல்கள் ஆண்டுக்கு 3.78 கோடி டன் மீத்தேன் விடுவதாகச் சொன்னது. தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் ஏ.பி.மித்ரா தலைமையில் 1991-ல் நாடு முழுக்க நெல் வயல்களில் பெட்டி வைத்து அளந்தார்கள். வந்த விடை சுமார் 40 லட்சம் டன். சொல்லப்பட்டதில் ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்கு. மேல்நாட்டு வயல்களில் எடுத்த எண்ணை நம் ஏக்கர் கணக்கோடு பெருக்கியதால் வந்த பிழை அது. நம் நெல்லில் பெரும்பகுதி மானாவாரி, அல்லது இடையிடையே காயும் வயல். மண்ணில் அங்ககப் பொருளும் குறைவு. கட்டாக்கில் நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில் தபன் குமார் ஆத்யா போன்றவர்கள் ஆண்டுக்கணக்கில் மண்ணின் நுண்ணுயிர்களோடு மல்லுக்கட்டி அந்த எண்களை மேலும் கூர்மையாக்கினார்கள்.

சரி, வயலில் எப்படி அளக்கிறார்கள்? நெல் நட்டவுடன் அலுமினியச் சட்டம் ஒன்றை மண்ணில் சுமார் 10 செ.மீ. ஆழத்துக்கு அழுத்தி வைக்கிறார்கள். அதன் மேல்விளிம்பில் ஒரு வாய்க்கால் போன்ற பள்ளம். அதில் தண்ணீர் ஊற்றினால் அதுவே காற்றுப் புகாத முத்திரை. அதன்மேல் கண்ணாடி போலத் தெளிந்த, 6 மி.மீ. தடிமனுள்ள அக்ரிலிக் பெட்டியைக் கவிழ்க்கிறார்கள். 50 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், ஒரு மீட்டர் உயரம் என்பது இந்திய ஆய்வுகளில் பழகிய அளவு. பயிர் முழுதும் உள்ளே நிற்க வேண்டும், மடியக் கூடாது. காரணம், நெல் வயல் மீத்தேனில் 90% வரை தண்ணீரில் குமிழியாக வருவதில்லை. நெல் தண்டிலுள்ள காற்றுக் குழல்கள் வழியே புகைபோக்கி போல மேலே ஏறுகிறது. செடியை விட்டுவிட்டுத் தண்ணீரை மட்டும் அளந்தால் விடையில் பெரும்பகுதி காணாமல் போகும்.

பெட்டிக்குள் 12 வோல்ட் பேட்டரியில் ஓடும் சிறு விசிறி, ஒரு வெப்பமானி, மேலே ரப்பர் அடைப்பான். மூவழித் திறப்பு பொருத்திய சிரிஞ்சால் 0, 10, 20, 30-ஆம் நிமிடங்களில் காற்றை உறிஞ்சி, முன்கூட்டியே வெற்றிடமாக்கிய கண்ணாடிக் குப்பிகளில் ஏற்றுகிறார்கள். ஆய்வகத்தில் அந்தக் குப்பி, கலந்துள்ள வாயுக்களைப் பிரித்து அளக்கும் வாயு நிறப்பிரிகை மானிக்குப் போகிறது. மீத்தேனை ஒரு வகை உணர்வியும் நைட்ரஸ் ஆக்சைடை வேறு வகை உணர்வியும் அளக்கும்.

கணக்கு எளிது. பெட்டிக்குள் நீர்மட்டத்துக்கு மேல் 90 செ.மீ. காற்று இருக்கிறது, அரை மணியில் மீத்தேன் 2 பிபிஎம்மிலிருந்து (பத்து லட்சத்தில் இரண்டு பங்கு) 8 பிபிஎம்முக்கு ஏறியது என்று வைத்துக்கொள்வோம். 30 டிகிரி வெப்பத்தில் அது சதுர மீட்டருக்கு மணிக்கு சுமார் 7 மில்லிகிராம்; ஏக்கருக்கு ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 680 கிராம். உள்ளே உண்மையில் 45 டிகிரி இருக்க, தாளில் 30 என்று எழுதினால் விடை 5% கூடிவிடும். நீர்மட்டத்தை அளக்காமல் 5 செ.மீ. தவறாகப் போட்டால் இன்னொரு 5%. சின்னப் பிழைகள் ஒன்றோடொன்று கூடி, ஒரு நல்ல நீர் மேலாண்மையின் பலனையே மறைத்துவிடும்.

பிழை பெரும்பாலும் காலடியில்தான் தொடங்குகிறது. சேற்றில் இறங்கி நடந்தால் மண்ணுக்குள் அடைபட்ட குமிழிகள் கொப்பளித்து, 0-ஆம் நிமிட மாதிரியே உயர்ந்துவிடும். அதனால் நடவின் போதே வரப்பிலிருந்து பெட்டி வரைக்கும் பலகை போட வேண்டும். நண்பகலில் அளந்தால் எண் கூடும், விடியலில் அளந்தால் குறையும். காலை 10 மணியை ஒட்டிய அளவுதான் நாள் முழுவதன் சராசரிக்கு நெருங்கி வரும். நான்கு குப்பிகளின் அளவுகளும் ஒரே நேர்கோட்டில் ஏறவில்லை என்றால் கசிவோ குமிழியோ இருக்கிறது என்று பொருள். அந்த மாதிரியைத் தள்ளிவிட வேண்டும். மனசுக்குப் பிடித்த இரண்டை வைத்துக் கோடு போடக் கூடாது. இந்த நேர்மைதான் இந்தத் தொழிலின் முதுகெலும்பு என்று நாங்கள் கருதுகிறோம்.

மீத்தேனுக்கு வாரம் ஒரு முறை அளந்தால் பொதுவாகப் போதும். நைட்ரஸ் ஆக்சைடு அப்படியல்ல. உரமிட்டுத் தண்ணீர் பாய்ச்சிய அடுத்த சில நாட்களில் சட்டென்று எழும்பி அடங்கிவிடும். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை எடுத்தவர் உச்சத்தைத் தவறவிட்டிருப்பார்.

இதில் நம் மாவட்டங்களுக்கு நேரடியான சங்கதி ஒன்று உண்டு. 45 கிலோ யூரியா மூட்டையில் தழைச்சத்து 20.7 கிலோ. இட்ட தழைச்சத்தில் 1% நைட்ரஸ் ஆக்சைடாக மாறுகிறது என்பது ஐ.நா.வின் பருவநிலை மாற்ற அறிவியல் குழுவான ஐபிசிசியின் பொதுவான எண். அந்தக் கணக்கில் ஒரு மூட்டைக்கு 89 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமான வாயு. ஆனால் 2019-ஆம் ஆண்டு திருத்தத்தில் வறண்ட பகுதிக்கு 0.5%, ஈரப் பகுதியில் இடும் ரசாயன உரத்துக்கு 1.6% என்று பிரித்திருக்கிறார்கள். ஒரே மூட்டை 44 கிலோவாகவும் ஆகலாம், 142 கிலோவாகவும் ஆகலாம். ஆண்டு மழை 1,000 மி.மீ.க்குக் கீழே பெய்யும் தருமபுரியில், மானாவாரி ராகிக்கு ஒரு எண்ணும், ராயக்கோட்டை பக்கம் சொட்டுநீரில் உரம் கரைத்து விடும் தக்காளிக்கு இன்னொரு எண்ணும், கால்வாய்ப் பாசன நெல்லுக்கு மூன்றாவது எண்ணும் இருக்கத்தான் செய்யும். இங்கேயே பெட்டி வைத்து அளக்காதவரை எது சரி என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது.

நெல்லுக்கு வருவோம். ‘காய்ச்சலும் பாய்ச்சலும்’ என்று நம் பெரியவர்கள் சொன்னதற்குத்தான் பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் ஓர் அளவுகோல் கொடுத்தது. 30 செ.மீ. நீளமும் 10 முதல் 15 செ.மீ. விட்டமும் உள்ள பிவிசி குழாய். கீழ்ப்பாதியில் சுற்றிலும் துளைகள். பாதி மண்ணுக்குள், பாதி வெளியே இருக்கும்படி வரப்புக்கு அருகே, மேடும் பள்ளமும் இல்லாத இடத்தில் பதிக்க வேண்டும். உள்ளே இருக்கும் மண்ணை அடிவரை அள்ளிவிட வேண்டும். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். தண்ணீர் கட்டிய சில மணி நேரத்தில் குழாய்க்கு உள்ளும் வெளியும் நீர்மட்டம் ஒன்றாக இல்லை என்றால் துளைகள் சேறு அடைத்திருக்கின்றன. பிடுங்கி மீண்டும் பதிக்க வேண்டும்.

நட்டு இரண்டு வாரம் ஆனபின், குழாய்க்குள் தண்ணீர் மண் மட்டத்துக்குக் கீழே 15 செ.மீ. இறங்கும் வரை விட்டு, பிறகு 5 செ.மீ. உயரத்துக்குக் கட்ட வேண்டும். களை மிகுந்த வயல் என்றால் இன்னும் இரண்டு, மூன்று வாரம் தள்ளித் தொடங்கலாம். பூப்பதற்கு ஒரு வாரம் முன்பிருந்து ஒரு வாரம் பின்பு வரை காய விடக் கூடாது. அந்தச் சமயத்தில் காய்ந்தால் பதர்தான். எப்போதும் நீர் தேங்கி நிற்கும் வயலோடு ஒப்பிட்டால், பலமுறை காய விட்ட வயலின் மீத்தேனை ஐபிசிசி 0.55 மடங்காகக் கணக்கிடுகிறது. அதாவது 45% குறைவு.

ஆனால் செம்மண் வயலில் இதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்தால் ஒரு கையில் பிடித்ததை மறு கையில் விட்ட கதை ஆகும். காய்ந்தும் நனைந்தும் வரும் மண்ணில் யூரியா கிடந்தால் நைட்ரஸ் ஆக்சைடு கிளம்பும். எனவே மேலுரத்தை நீர் வற்றிய மண்ணில் இட்டு உடனே தண்ணீர் கட்ட வேண்டும். இட்டபின் இரண்டு நாள் காத்திருக்கக் கூடாது. எவ்வளவு இடுவது என்பதற்கு இலை வண்ண அட்டை இருக்கிறது. நட்ட 14-ஆம் நாளிலிருந்து வாரம் ஒரு முறை, காலை 8 முதல் 10 மணிக்குள், உடம்பின் நிழலில் வைத்து, முழுதாக விரிந்த மேல் இலைகள் பத்தை ஒப்பிட வேண்டும். ஆறு இலையோ அதற்கு மேலோ அட்டையின் 4-ஆம் எண் பச்சையைவிட வெளிறி இருந்தால் உரம். வெள்ளைப் பொன்னிக்கு 3-ஆம் எண். அட்டை வேண்டாம் என்று சொல்லும் வாரங்களில் மிச்சமாகும் யூரியாதான் மலிவான வாயுக் குறைப்பு. 2015 முதல் உள்நாட்டு யூரியா முழுவதும் வேப்பெண்ணெய் பூசி வருவதும் ஓரளவு உதவும். ஆனால் பூச்சு இருக்கிறதே என்று கூடுதலாகப் போட்டால் பலன் போய்விடும்.

வைக்கோலிலும் கவனம் தேவை. நடவுக்கு முந்தைய வாரம் வைக்கோலை உழுது தண்ணீர் கட்டினால் அது மீத்தேனுக்கு நேரடித் தீனி. நடவுக்கு 30 நாளுக்கு முன்பே உழுது காய்ந்த மண்ணில் மக்க விட்டால், ஐபிசிசியின் 2006 கணக்கில் ஒரு டன் வைக்கோல் 0.29 டன்னாகவே மதிக்கப்படுகிறது.

கிருஷ்ணகிரி அணையின் 9,012 ஏக்கர் ஆயக்கட்டில் இதெல்லாம் ஏன் பரவவில்லை என்றால், விவசாயியின் பிடிவாதம் காரணம் அல்ல. முறை வைத்து வரும் கால்வாய்த் தண்ணீரை, அடுத்த முறை தப்பிவிடுமோ என்ற பயத்தில் எவரும் தேக்கித்தான் வைப்பார். வயல் விட்டு வயல் பாயும் இடத்தில் மேல்வயல்காரர் காய விட்டால் கீழ்வயல்காரருக்குத் தண்ணீரே போகாது. கிணற்றுப் பாசனத்தில் மின்சாரம் இலவசம் என்பதால் தண்ணீரை மிச்சப்படுத்தினாலும் கையில் காசு நிற்பதில்லை. இந்த முடிச்சுகளைப் புரிந்துகொள்ளாமல் குழாயை மட்டும் கொடுத்துப் பயனில்லை. மடை திறக்கும் அட்டவணையைப் படிக்கத் தெரிந்த விஞ்ஞானி வேண்டும்.

மாட்டுக்கு வருவோம். மீத்தேன் மாட்டின் பின்புறமிருந்து வருகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். மிகப் பெரும்பகுதி ஏப்பமாக வாய் வழியே வருகிறது. முதல் வயிற்றில் நுண்ணுயிர்கள் நாரைச் சிதைக்கும்போது வரும் ஹைட்ரஜனையும் கரியமில வாயுவையும் சேர்த்து வேறு சில நுண்ணுயிர்கள் மீத்தேன் ஆக்குகின்றன. தின்ற தீவனத்தின் ஆற்றலில் சுமார் 6.5% இப்படிக் காற்றில் போகிறது. ஐபிசிசியின் 2006 கையேடு இந்தியக் கறவைப் பசுவுக்கு ஆண்டுக்கு 58 கிலோ மீத்தேன் என்று போட்டது. அது நம் பசு தின்கிற ராகித் தாளையும் சோளத் தட்டையையும் அளந்து சொன்ன எண் அல்ல.

அளக்கும் வழிகளில் ஒன்றை வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டன் ஜான்சன் குழு 1994-ல் வெளியிட்டது. சல்பர் ஹெக்ஸாபுளோரைடு என்ற வாயுவை ஒரு சிறு உலோகக் குழாயில் அடைத்து மாட்டின் வயிற்றுக்குள் செலுத்திவிடுகிறார்கள். அது தெரிந்த வேகத்தில் கசியும். மூக்குக்கு அருகே கட்டிய மெல்லிய குழல், கழுத்தில் மாட்டிய வெற்றிடக் கலனுக்குள் 24 மணி நேரமும் மூச்சுக்காற்றை மெல்ல இழுக்கும். கலனில் உள்ள இரண்டு வாயுக்களின் விகிதத்திலிருந்து மீத்தேன் தெரிந்துவிடும்.

அந்தக் குழாயை மாட்டின் உடல் சூடான 39 டிகிரியில் வைத்து வாரக்கணக்கில் எடைபோட்டுக் கசிவு வேகத்தை முன்பே உறுதி செய்திருக்க வேண்டும். அதில் அவசரப்பட்டால் பிறகு வரும் எல்லா எண்ணும் கோணல். மாடு தண்ணீர்த் தொட்டியில் வாய் வைக்கும்போது குழல் அடைத்துக்கொள்ளும். மறுநாள் பார்த்தால் கலன் காலியாகவே இருக்கும். மூடிய கொட்டகையில் பக்கத்து மாட்டின் வாயுவும் கலந்துவிடும் என்பதால் கொட்டகைக் காற்றையும் தனியாக அளந்து கழிக்க வேண்டும். தொடர்ந்து ஐந்து நாளாவது எடுக்க வேண்டும், தின்ற தீவனத்தையும் நிறுத்தாக வேண்டும். ஒரு கிலோ உலர் தீவனத்துக்கு சுமார் 20 கிராம் மீத்தேன் என்பது வழக்கமான அளவு. அதற்கு வெகுதூரம் விலகிய எண் வந்தால் முதலில் கருவியைச் சந்தேகிக்க வேண்டும்.

இனி நம் மண்ணுக்கு நெருக்கமான செய்தி. பெங்களூருவில் உள்ள தேசிய கால்நடை ஊட்டச்சத்து மற்றும் உடலியல் நிறுவனத்தின் இயக்குநராக இருந்த ராகவேந்திர பட்டா, 2000-ல் வெளிவந்த ஆய்வொன்றில் கலப்பினக் கறவைப் பசுக்களுக்குப் புளியங்கொட்டைத் தோலை அதிலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளுக்காகத் தீவனத்தில் சேர்த்துப் பார்த்தார். தீவனப் புரதம் முதல் வயிற்றில் வீணாகாமல் தப்புமா, பால் கூடுமா என்பது அப்போது கேள்வி. அதே டானின் மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்களையும் அடக்கும் என்ற வழியில் ஆய்வு வளர்ந்து, அந்த நிறுவனம் டானின் நிறைந்த தாவரப் பொருட்களைக் கொண்டு ‘ஹரித் தாரா’ என்ற தீவனச் சேர்மத்தை உருவாக்கியது. மீத்தேன் 17 முதல் 20% வரை குறைகிறது என்பது அந்த நிறுவனத்தின் கணக்கு. ஒரு விஞ்ஞானியின் வாழ்நாள் வேலை எப்படி ஒரு கேள்வியிலிருந்து இன்னொன்றுக்கு நகர்கிறது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

அஞ்செட்டி, உரிகம் பக்கம் புளி உலுக்கி, கொட்டை எடுத்து விற்கும் குடும்பங்களுக்கு இந்தத் தோல் என்னவென்று தெரியும். கொட்டையை வறுத்துப் பவுடராக்கும் ஆலைகளில் இது கழிவு. அதற்காக மூட்டையாக வாங்கி மாட்டுக்குக் கொட்டிவிடக் கூடாது. டானின் மிகுந்தால் மாடு தீவனத்தைக் குறைத்துக்கொள்ளும், செரிமானம் கெடும், பால் இறங்கும். வறுத்த பதத்துக்கு ஏற்ப டானின் அளவு மாறக்கூடும் என்பதால் ஒவ்வொரு லோடையும் ஆய்வகத்தில் சோதித்துத்தான் கலவை முடிவாக வேண்டும்.

சாண எரிவாயுக் கலன் பற்றி ஒரு வார்த்தை. தினம் 50 கிலோ சாணம், அதாவது நான்கைந்து மாடு இருந்தால் 2 கன மீட்டர் கலன் ஓடும். காய்ந்த எருக்குவியலில் சாணத்தின் மீத்தேன் திறனில் சிறு பங்குதான் வெளிவரும். கலனில் அதை வேண்டுமென்றே முழுமையாக வரவழைக்கிறோம். ஆகவே எரிக்காமல் கசிய விட்டால் கலன் இல்லாத வீட்டைவிட மோசம். மாதம் ஒரு முறை குழாய் இணைப்புகளில் சோப்பு நீர் தடவி நுரை வருகிறதா என்று பார்க்க வேண்டும். தளி, ஓசூர் பக்கம் மார்கழிக் குளிரில் வாயு குறைந்தால் உடனே சாணத்தைக் கூட்டிப் போடக் கூடாது. நொதிக்காத சாணம் வெளித்தொட்டிக்குப் போய் அங்கே மீத்தேன் விடும்.

படிப்புப் பாதை சுருக்கமாக: பி.எஸ்சி. வேளாண்மை அல்லது கால்நடை மருத்துவம், பிறகு மண்ணியல், சுற்றுச்சூழல் அறிவியல், வேளாண் வானிலை, கால்நடை ஊட்டச்சத்து இவற்றில் ஒன்றில் முதுகலை, முனைவர் பட்டம், இந்திய வேளாண் ஆராய்ச்சிக் குழுமத்தில் (ஐ.சி.ஏ.ஆர்.) விஞ்ஞானிப் பணிக்கு ஏ.ஆர்.எஸ். என்ற வேளாண் ஆராய்ச்சிப் பணித் தேர்வு. தில்லியில் நெல், கோதுமை நிலங்களின் வாயு ஆய்வில் பெயர் பெற்ற ஹிமான்ஷு பாதக், 2022-ல் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் குழுமத்தின் தலைமை இயக்குநராகவும், 2025-ல் வறண்ட நிலப் பயிர்களுக்கான சர்வதேச ஆராய்ச்சி நிறுவனமான இக்ரிசாட்டின் தலைமை இயக்குநராகவும் ஆனார். பிளஸ் டூவில் வேதியியலும் கணக்கும் நன்றாக இருந்தால் நல்லது. புள்ளியியல் பிறகு கட்டாயம் தேவைப்படும். இதோடு, மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பயமின்றிப் பிடிக்கத் தெரிந்த பிள்ளைக்கு ஆய்வுக்கூடத்தில் தனி மதிப்பு உண்டு.

தங்கள் நாளிதழ் வழியாக மூன்று வேண்டுகோள்கள். முதலாவது, பையூர் மண்டல ஆராய்ச்சி நிலையமும் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையமும் ராகி, சாமை, தக்காளி, ஆயக்கட்டு நெல் ஆகிய நான்கிலும் குறைந்தது மூன்று ஆண்டு தொடர்ந்து வாயு அளந்து, எண்களைத் தமிழில் வெளியிட வேண்டும். ஒவ்வொரு பயிருக்கும் மூன்று பெட்டிகளாவது வேண்டும். ஒரு பெட்டியின் எண்ணை நம்ப முடியாது. இரண்டாவது, அந்த அளவீட்டுக்கு உள்ளூர் அரசுக் கல்லூரி வேதியியல் மாணவர்களைச் சம்பளத்தோடு எடுத்துக்கொள்ள வேண்டும். காலை 10 மணிக்கு வயலில் நிற்க வெளியூரிலிருந்து ஆள் வர முடியாது.

மூன்றாவது விவசாயிகளுக்கு. வாயுவைக் குறைத்ததற்குப் பணம் தரும் கார்பன் கிரெடிட் பேச்சு கிராமங்களுக்கு வரத் தொடங்கிவிட்டது. அப்படி யாராவது ஒப்பந்தத் தாள் நீட்டினால், ‘முன்பு என் வயல் எவ்வளவு வாயு விட்டது என்பதை எங்கே அளந்தீர்கள்? இனி யார் அளப்பார்? எத்தனை ஆண்டுக்கு என் கையைக் கட்டுகிறீர்கள்? வருகிற பணத்தில் எனக்கு எத்தனை சதவீதம்?’ என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிய பிறகே கையெழுத்துப் போட வேண்டும். எழுதித் தராவிட்டால் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
மண், தீவன ஆய்வுப் பணியில் உள்ள மூவர்,
காவேரிப்பட்டினம், கிருஷ்ணகிரி மாவட்டம்.